பாரா தடகளத்தில் முதல் ஆண்டு

இந்த அத்தியாயம் ஓடவோ தாண்டவோ எறியவோ ஆசைப்படும் 13 முதல் 20 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கானது. கடைசிப் பகுதி மட்டும் உங்கள் பி.டி. மாஸ்டருக்கும் நண்பர்களுக்கும். அந்தப் பக்கங்களை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

முதலில் வரிசையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பந்தய வீல்சேரோ ஓட்ட பிளேடோ (ஓடுவதற்கான செயற்கைக் கால்) வாங்க ஊரெல்லாம் நன்கொடை திரட்டிவிட்டு, போட்டியில் தன் குறைபாட்டுக்கு உரிய வகுப்பு எது என்று பிறகு விசாரிக்கிறார்கள். சரியான வரிசை இது:

1. மருத்துவரிடம் பேசுவது
2. காகிதங்களைச் சேர்ப்பது
3. எந்த வகுப்பில் வரக்கூடும் என்று உத்தேசமாகத் தெரிந்துகொள்வது
4. இரண்டு மூன்று போட்டிகளை முயன்று பார்ப்பது
5. அடிப்படைப் பயிற்சி
6. மாவட்ட அளவில் ஒரு மீட்
7. முறையான வகைப்பாடு (குழு சோதித்து உங்கள் வகுப்பை முடிவு செய்வது)
8. கருவி

எந்தக் கதவைத் தட்டுவது

மாற்றுத்திறனாளி விளையாட்டு என்று ஒரே பெயரில் சொன்னாலும் கதவுகள் மூன்று.

காது கேளாதவர்களுக்குப் பாராலிம்பிக்கில் இடம் இல்லை. அவர்களுக்கான உலகப் போட்டி டெஃப்லிம்பிக்ஸ். நல்ல காதிலும் 55 டெசிபலுக்குக் குறையாத கேட்புக் குறைபாடு இருக்கவேண்டும். மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் பேட்மின்டனில் மூன்று தங்கம் வென்றது அங்கேதான்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பங்கேற்பை முதன்மையாக வைத்து நடப்பது. எல்லாத் திறன் நிலையினரும் அதில் ஆடலாம். பாராலிம்பிக் தடகளத்தில் டி20 என்ற வகுப்பு இருக்கிறது. அது கடும் போட்டி. தெலங்கானாவின் தீப்தி ஜீவாஞ்சி பாரீஸ் 2024-இல் 400 மீட்டரில் வெண்கலம் வென்றது இந்த வகுப்பில்.

உடல் குறைபாடோ பார்வைக் குறைபாடோ உள்ளவர்கள் பாராலிம்பிக் வழியில் போகவேண்டும். இந்தியாவில் அதை நடத்துவது இந்திய பாராலிம்பிக் கமிட்டி. மாநிலச் சங்கம் தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் தேசிய மீட்டுக்குப் போகமுடியும். ஜூனியர், சப்-ஜூனியர் பிள்ளைகளுக்குத் தனித் தேசியப் போட்டியும் உண்டு.

காகிதங்கள்

அலுப்பான வேலைதான். ஆனாலும் முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். மீட்டுக்கு முந்தைய வாரம் அலுவலகம் அலுவலகமாக அலையும் பெற்றோரை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம்.

• மாற்றுத்திறனாளி சான்றிதழும் யுடிஐடி (தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையும். இணையத்தில் விண்ணப்பித்து மருத்துவக் குழுவிடம் காட்டவேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வழி சொல்வார்கள்.
• பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் போனஃபைடு சான்று. மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கவேண்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள்.
• பழைய மருத்துவக் கோப்பு: அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., கண் மருத்துவர் அறிக்கை. பழையது என்று தூக்கிப் போடாதீர்கள். வகைப்பாட்டுக் குழு கேட்பது இதைத்தான்.
• துணைக்கு ஒருவருடன் போகவேண்டியவர் என்றால் ரயில்வேயின் சலுகை அட்டை. துணைக்கு வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு.

பிறகு மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாவட்ட முகம் அவர்தான். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. முதல் மீட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஏனென்றால் பயணம் குறைவு, தோற்றாலும் நஷ்டம் இல்லை.

வகைப்பாடு: சதவீதம் வேறு, வகுப்பு வேறு

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் சான்றிதழில் 40 சதவீதம், 60 சதவீதம் என்று எழுதியிருக்கும். அது அரசு உதவிக்கான அளவு. விளையாட்டு வகைப்பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பாராலிம்பிக் விதி ஏற்பது பத்துதான்: தசை வலுக் குறைவு, மூட்டு அசைவுக் குறைவு, கை கால் இழப்பு, கால் நீள வேறுபாடு, உயரக் குறைவு, தசை இறுக்கம், அசைவு ஒருங்கிணையாமை, கட்டுப்படாத அசைவு, பார்வைக் குறைபாடு, அறிவுசார் குறைபாடு. தலசீமியாவோ ஹீமோஃபீலியாவோ இருந்தால் அரசுச் சான்றிதழ் கிடைக்கும். அது மட்டுமே காரணமாகப் பாரா தடகளத்தில் இறங்க முடியாது.

பத்தில் ஒன்று இருந்தாலும் குறைந்தபட்ச அளவைத் தாண்டவேண்டும். அடிக்கடி ஏமாற்றம் தரும் மூன்று:

• ஒரு கண்ணில் பார்வை இல்லை, மறு கண் நன்றாகத் தெரிகிறது: தகுதி இல்லை.
• ஒரு கால் குட்டை: தடகளத்தில் வேறுபாடு குறைந்தது 7 செ.மீ. இருக்கவேண்டும்.
• ஓரிரு விரல் இல்லை: பெரும்பாலும் போதாது.

மாவட்டத்தில் யாராவது "அதெல்லாம் பார்த்துக்கலாம், பெயரைக் கொடு தம்பி" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். இரண்டு ஆண்டு உழைத்தபின் தகுதி இல்லை என்று தெரிவதைவிட இரண்டாவது மாதத்தில் தெரிவது நல்லது.

வகுப்பு எண்ணைப் படிப்பது எளிது. டி என்றால் ஓட்டமும் தாண்டுதலும், எஃப் என்றால் எறிதல். எண்:

11–13: பார்வைக் குறைபாடு
20: அறிவுசார் குறைபாடு
31–38: மூளை முடக்குவாதம் போன்றவை (31–34 உட்கார்ந்து, 35–38 நின்று)
40–41: உயரக் குறைவு
42–44: கால் பாதிப்பு, செயற்கைக் கால் இல்லாமல்
45–47: கை பாதிப்பு
டி51–54: பந்தய வீல்சேர், எஃப்51–57: உட்கார்ந்து எறிதல்
61–64: செயற்கைக் காலுடன்

பெரும்பாலும் ஒரு வரிசைக்குள் எண் சிறிதாக இருந்தால் பாதிப்பு அதிகம். போட்டியாளர் குறைவாக இருந்தால் ஒத்த பாதிப்புள்ள வகுப்புகளைச் சேர்த்து நடத்துவார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு டி42 வகுப்பு. ரியோ 2016-இல் உயரம் தாண்டுதலில் 1.89 மீ. தாண்டித் தங்கம் வாங்கினார். பாரீஸ் 2024-இல் 1.85 மீ. தாண்டி அவர் வெண்கலம் வென்ற போட்டியின் பெயரோ டி63.

வகைப்பாடு நடக்கும் விதம்:

1. மருத்துவ ஆவணங்களைப் பார்ப்பார்கள்.
2. மேசையில் படுக்கவைத்து, உட்காரவைத்து வலுவையும் மூட்டு அசைவையும் அளப்பார்கள். பார்வைக் குறைபாடு என்றால் கண் பரிசோதனை.
3. ஓடச் சொல்வார்கள், எறியச் சொல்வார்கள்.
4. தேவைப்பட்டால் முதல் போட்டியின்போது ஓரமாக நின்று கவனிப்பார்கள்.
5. வகுப்பும் நிலையும் தருவார்கள். நிலை 'உறுதி' என்றும் வரலாம், 'மறுபரிசீலனை' என்றும் வரலாம். வளரும் வயதில் மறுபரிசீலனை வருவது சகஜம்.

கொண்டுபோகவேண்டியவை: அரைக்கால் சட்டை, அன்றாடம் போடும் செயற்கைக் கால் அல்லது காலிப்பர், கண்ணாடி, நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், மருத்துவக் கோப்பு. 18 வயதுக்குக் கீழ் என்றால் கூடவே ஒரு பெரியவர்.

எச்சரிக்கை: சோதனையில் இருப்பதைவிடக் குறைவாகச் செய்து காட்டினால் கீழ் வகுப்பு கிடைக்கும் என்று யாராவது சொல்லிக்கொடுக்கலாம். அது மோசடி. கண்டுபிடித்தால் பல ஆண்டுத் தடை. சொல்லிக்கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. வகைப்பாட்டில் சிக்கல் வந்தால் பதக்கமும் நிற்காது. டோக்கியோ பாராலிம்பிக்கில் வினோத் குமார் எஃப்52 வட்டு எறிதலில் மூன்றாவதாக வந்தும், அவருக்கு வகுப்பு ஒதுக்க முடியவில்லை என்று குழு சொன்னதால் வெண்கலத்தை இழந்தார்.

எந்தப் போட்டி

உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஊரில் யார் எதில் பதக்கம் வாங்கினார் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாரியப்பனுக்குப் பிறகு கால் பாதிப்பு உள்ள எல்லாப் பையன்களையும் உயரம் தாண்ட அனுப்பும் வழக்கம் வந்துவிட்டது. அவர்களில் பாதிப் பேருக்காவது எறிதல் பொருந்தும் என்பது என் கணிப்பு.

1. ஒரு மாதத்தில் ஓர் ஓட்டம், ஒரு தாண்டுதல், ஓர் எறிதல் மூன்றையும் முயன்று பாருங்கள். வீல்சேரில் இருப்பவர் குண்டு, வட்டு, ஈட்டி மூன்றையும்.
2. ஒவ்வொன்றுக்கும் அளவை நோட்டில் எழுதுங்கள். மறுநாள் எங்கே வலித்தது என்பதையும் சேர்த்து.
3. உங்கள் வகுப்பில் அந்தப் போட்டி தேசிய அளவில் நடக்கிறதா என்று மாநிலச் சங்கத்தில் கேளுங்கள். எல்லா வகுப்புக்கும் எல்லாப் போட்டியும் இருக்காது.
4. இரண்டை வைத்துக்கொண்டு ஒன்றை விடுங்கள்.

கைப்பிடி இல்லாதவர்களும் ஒதுங்கவேண்டியதில்லை. விரலில் வலு இல்லாத கழுத்துத் தண்டுவடக் காயக்காரர்கள் போன்றவர்களுக்காகவே கிளப் எறிதல் என்று ஒன்று இருக்கிறது. கிளப் என்பது அடி பருத்து, கழுத்து மெலிந்த ஒரு மரக்கட்டை. எடை 397 கிராம். பாரீஸில் எஃப்51 வகுப்பில் தரம்பீர் 34.92 மீ. எறிந்து தங்கமும், பிரணவ் சூர்மா வெள்ளியும் வென்றார்கள். தரம்பீரின் முதல் நான்கு எறிதலும் ஃபவுல். ஐந்தாவதுதான் அந்தத் தங்கம்.

தடகளமே ஒத்துவரவில்லை என்றாலும் தவறில்லை. துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் மூவரும் பாரீஸில் பதக்கம் வாங்கியது பேட்மின்டனில்.

கருவி கடைசியில்

பந்தய வீல்சேரும் ஓட்ட பிளேடும் விலை உயர்ந்தவை, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை, உங்கள் உடம்பின் அளவுக்கே செய்யப்படுபவை. 14 வயதில் வாங்கியது 16-இல் பொருந்தாது. முதல் ஆண்டில் வாங்கவேண்டாம். இருப்பவரிடம் கடன் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

உட்கார்ந்து எறிபவருக்கான சட்டகத்தை மட்டும் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். கவனிக்கவேண்டியவை:

• மெத்தையோடு சேர்த்து உட்காரும் உயரம் 75 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது.
• பிடித்துக்கொள்ளும் கம்பி ஆடக்கூடாது, வளையக்கூடாது.
• நாற்புறமும் தரையோடு பட்டையால் இழுத்துக் கட்டக் கொக்கிகள் வேண்டும். கட்டாத சட்டகம் எறியும் வேகத்தில் கவிழும்.
• வெல்டிங் முனைகளைத் தேய்த்து மழுக்குங்கள். உணர்வில்லாத தோலில் கீறினால் உங்களுக்கே தெரியாது.

முழங்காலின் பின்புறம் முதல் பிட்டம் வரை இருக்கையில் பதிந்திருக்கவேண்டும் என்பது விதி. எறியும்போது எழும்பினால் அந்த எறிதல் செல்லாது. நண்பர் ஒருவர் பக்கவாட்டில் நின்று போனில் படம் பிடிக்கட்டும். எழும்புவது உங்களுக்குத் தெரியாது, படத்தில் தெரியும்.

இன்னொரு விஷயம்: உட்கார்ந்து எறியும் போட்டிகளில் பெரும்பாலும் ஒருவர் தன் வாய்ப்புகளை அடுத்தடுத்து எறிந்து முடிக்கவேண்டும். இடையில் மூச்சு வாங்க நேரம் குறைவு. அதனால் பயிற்சியிலும் ஆறு ஆறாக எறிந்து பழகுங்கள். ஒன்று எறிந்துவிட்டு அரட்டை, பிறகு இன்னொன்று என்று பழகியவர் மீட்டில் மூன்றாவது எறிதலிலேயே சோர்ந்துவிடுவார்.

பயிற்சி வாரம்

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டு பயிற்சி நாளுக்கு நடுவே ஓர் ஓய்வு நாள். நம் ஊர் வெயிலுக்குக் காலை 7 மணிக்குள் முடியுங்கள், அல்லது மாலை 5-க்குப் பிறகு தொடங்குங்கள்.

1. 15 நிமிடம் உடம்பைச் சூடாக்குதல். தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு 25 நிமிடம். வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக.
2. 20 நிமிடம் நுட்பம். களைப்பதற்கு முன்பே இதை முடிக்கவேண்டும்.
3. 15 நிமிடம் வலு. வீல்சேரில் இருப்பவர்கள் தள்ளும் தசைக்குச் செய்வதைவிட இழுக்கும் தசைக்கு அதிகம் செய்யுங்கள். நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும் தோள் உங்களுடையது. அது போனால் விளையாட்டு மட்டும் நிற்காது, கட்டிலிலிருந்து இறங்குவதும் நின்றுவிடும்.
4. 10 நிமிடம் தளர்த்துதல், நோட்டில் எழுதுதல்.

எடையையோ தூரத்தையோ வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டவேண்டாம்.

குறிப்பு: ஒரு கை இல்லாதவர், ஒரு கால் குட்டையானவர், ஒரு பக்கம் இறுகியவர் எல்லோரும் நல்ல பக்கத்தையே வேலை வாங்குவார்கள். முதுகுவலி அங்கிருந்துதான் தொடங்கும். இரண்டு பக்கத்துக்கும் பயிற்சி வேண்டும், பலவீனப் பக்கத்துக்கு முதலில்.

உடம்பு தரும் எச்சரிக்கைகள்

பயிற்சியாளர்களில் பலர் பொதுத் தடகளத்திலிருந்து வந்தவர்கள். நல்லவர்கள், ஆனால் உங்கள் உடம்பு அவர்களுக்குப் புதிது. கீழே இருப்பதில் உங்களுக்குப் பொருந்துவதை நீங்களே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

தண்டுவடக் காயம், மார்பு ஆறாவது முள்ளெலும்பு அல்லது அதற்கு மேல்: சிறுநீர்ப்பை நிரம்புவதோ, உணர்வில்லாத இடத்தில் ஏற்படும் காயமோ இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டுதல் ஆகியவை அறிகுறிகள். இது உயிருக்கே ஆபத்து.

1. உடனே நிறுத்துங்கள். நிமிர்ந்து உட்காருங்கள். படுக்காதீர்கள்.
2. பட்டை, பெல்ட், ஷூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள்.
3. சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். காலி செய்யுங்கள்.
4. ஆடை மடிப்பு, புண், நகம் குத்துதல், மலச்சிக்கல் என்று வேறு காரணம் தேடுங்கள்.
5. சில நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். 'தண்டுவடக் காயம், இரத்த அழுத்தம் ஏறுகிறது' என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இந்த அழுத்த ஏற்றத்தால் வேகம் கூடும் என்று வேண்டுமென்றே வரவழைப்பவர்கள் உண்டு. அது தடைசெய்யப்பட்டது, பக்கவாதம் வரவழைக்கக் கூடியது.

இதே காயம் உள்ளவர்களுக்கு உடம்பு போதிய அளவு வியர்க்காது. வெயிலில் உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும் ஈரத்துண்டும் கையோடு இருக்கட்டும்.

வீல்சேரில் இருப்பவர் எல்லோரும்: அரைமணிக்கு ஒருமுறையாவது கையூன்றி உடம்பைத் தூக்குங்கள். இரவில் கண்ணாடி வைத்துப் பிட்டத்தையும் குதிகாலையும் பாருங்கள். சிவப்பு மாறாமல் இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூடாது. மீட் இருந்தாலும் கூடாது. படுக்கைப் புண் ஒரு சீசனை முழுசாக விழுங்கிவிடும்.

செயற்கைக் கால் போடுபவர்கள்: வியர்வையில் கால் வழுக்கும், தோல் உரியும். மாற்று உறை இரண்டு வைத்திருங்கள். இடையில் கழற்றித் துடைத்துப் போடுங்கள். கொப்புளம் வந்தால் ஆறும்வரை மேல் உடம்புப் பயிற்சி மட்டும்.

மூளை முடக்குவாதம்: களைப்பு அதிகமானால் இறுக்கம் கூடும், தடுமாறி விழ நேரும். வலிப்பு வரும் பழக்கம் இருந்தால் பயிற்சியாளரிடம் மறைக்காதீர்கள்.

முதுகெலும்புப் பிளவோடு பிறந்தவர்கள்: பலருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை இருக்கும். ரப்பர் பட்டை, கையுறை, பலூன் எல்லாவற்றிலும் அது இருக்கலாம். லேடெக்ஸ் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

டவுன் சிண்ட்ரோம்: கழுத்தின் மேல் இரண்டு எலும்புகள் தளர்ந்திருக்கக் கூடும். மருத்துவர் கழுத்தைப் பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை உயரம் தாண்டுதல், குட்டிக்கரணம் எதுவும் வேண்டாம்.

மருந்து: நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தேகூட ஊக்கமருந்துப் பட்டியலில் இருக்கலாம். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, சில ஸ்டீராய்டுகள், இன்சுலின் ஆகியவை பட்டியலில் உள்ளவை. அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவக் காரணத்துக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு. ஜிம்மில் யாரோ தரும் டப்பாப் பொடியை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

தொடுவதற்கும் விதி உண்டு

தூக்கி உட்காரவைப்பது, பட்டை கட்டுவது, உடம்பை இழுத்துத் தளர்த்துவது என்று உங்கள் விளையாட்டில் பிறர் கை உங்கள் மேல் படாமல் இருக்காது. அதனாலேயே விதி கண்டிப்பாக இருக்கவேண்டும்.

1. தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லிவிட்டுத் தொடவேண்டும். சொல்லாமல் தொட்டால் "சார், சொல்லிட்டுச் செய்யுங்க" என்று சொல்லலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.
2. பூட்டிய அறையில் தனியாகப் பயிற்சி இல்லை. எப்போதும் இரண்டாவது பெரியவர் பார்வையில்.
3. வெளியூர் மீட்டில் பயிற்சியாளரோடு ஒரே அறையில் தங்குவதில்லை.
4. பயிற்சியாளரின் போன் செய்தி எல்லாம் பெற்றோரும் இருக்கும் குழுவில்தான்.

எதுவோ சரியில்லை என்று தோன்றினால் வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1098 என்ற எண்ணில் குழந்தைகள் உதவி மையம் கேட்கும். டீமிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயத்தை வைத்துத்தான் தப்பு செய்பவர் பிழைக்கிறார்.

மீட் நாள்

• முந்தைய நாளே மைதானத்துக்குப் போய் வீல்சேர் நுழையும் கழிப்பறை எங்கே என்று பாருங்கள். கழிப்பறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண் பிள்ளைகள் செய்யும் மிகப் பெரிய தவறு. வெயிலில் மயக்கமும், பிறகு சிறுநீர்த் தொற்றும் வரும். பக்கத்தில் பள்ளியோ விடுதியோ இருந்தால் முன்கூட்டியே பேசி வையுங்கள்.
• அழைப்பு அறைக்கு நேரத்தோடு போங்கள். தாமதமானால் பெயரை அடித்துவிடுவார்கள், காரணம் கேட்கமாட்டார்கள்.
• எண் அட்டைக்கு நான்கு ஊக்கு, கூடுதலாக நான்கு. வீல்சேருக்கு ஒரு டியூப், ஸ்பேனர். செயற்கைக் காலுக்கு உறை, ஆலன் கீ.
• வழக்கமான சாப்பாடு. புது ஊரின் புது ருசியை மீட் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

பி.டி. மாஸ்டருக்கும் நண்பர்களுக்கும்

சார், டீச்சர்: "நீ ஓரமா உட்காந்து ஸ்கோர் எழுதுப்பா" என்று அன்பாகச் சொல்லிவிட்டு நகரும் வழக்கத்தை இந்த வாரமே நிறுத்தலாம். மாரியப்பனைத் தாண்டத் தூண்டியவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர்தான். மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்று 2016 சட்டத்தின் 30-ஆவது பிரிவும் சொல்கிறது.

எந்த ஆட்டத்தையும் மாற்றியமைக்க நான்கைப் பாருங்கள்: இடம், வேலை, கருவி, ஆள். எறிபந்தில் கோட்டை முன்னால் கொண்டுவரலாம். ஓட்டத்தில் வேலையை மாற்றலாம். பந்துக்குள் மணி போடலாம், அல்லது பாலித்தீன் பை சுற்றினால் உருளும்போது சத்தம் கேட்கும். ஜோடியாக ஆடவைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றினால் அது வேறு ஆட்டம் ஆகிவிடும், மற்ற பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள்.

செலவே இல்லாமல் தொடங்க உட்கார்ந்து ஆடும் வாலிபால்:

1. 10 மீட்டருக்கு 6 மீட்டர் கோடு போடுங்கள். வலை உயரம் ஆண்களுக்கு 1.15 மீ., பெண்களுக்கு 1.05 மீ. வலை இல்லையென்றால் கயிறு கட்டித் துண்டு தொங்கவிடுங்கள்.
2. தரையைக் கூட்டிக் கல், கண்ணாடித் துண்டு பொறுக்குங்கள். தார்ப்பாய் இருந்தால் விரித்து, ஓரங்களை இழுத்துக் கட்டுங்கள்.
3. வகுப்பு முழுவதும் உட்காரட்டும். பந்தைத் தொடும்போது இடுப்பு தரையில் இருக்கவேண்டும்.
4. முதல் பத்து நிமிடம் பந்தில்லாமல் கையூன்றி நகரப் பழகட்டும்.

இப்படி ஆடினால் யார் சிரமப்படுகிறார்கள் என்று பாருங்கள். நகரவே தெரியாமல் விழிப்பவர்கள் பெரும்பாலும் பள்ளி டீமில் இருப்பவர்கள்.

நண்பர்களுக்கு இதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது: பார்வைக் குறைபாடு உள்ளவரோடு சேர்ந்து ஓடும் வழிகாட்டி ஓட்டக்காரர். டி11 வகுப்பில் கண்ணை மறைத்து, வழிகாட்டியோடுதான் ஓடவேண்டும். டி12-இல் விருப்பம். டி13-இல் கிடையாது. பாரீஸில் 200 மீட்டரில் சிம்ரன் சர்மா வெண்கலம் வென்றபோது அபய் சிங் அவருக்கு வழிகாட்டி.

1. நீங்கள் வழிகாட்டும் ஓட்டக்காரரைவிடத் தெளிவாக வேகமானவராக இருக்கவேண்டும். சமமான வேகம் போதாது, பேசிக்கொண்டே ஓடவேண்டியவர் நீங்கள்.
2. இருவரையும் இணைக்க நீளாத நாடா, 30 செ.மீ.க்குள். இரு முனையிலும் விரல் நுழையும் வளையம்.
3. முதல் வாரம் நடை மட்டும். அவருடைய இடது கையும் உங்கள் வலது கையும் ஒன்றாக அசையவேண்டும், கால்களும் அப்படியே.
4. சொற்களை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்: 'வளைவு', 'நேர்', 'பத்து மீட்டர்', 'நிறுத்து'. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். 'பார்த்து, பார்த்து' என்பது எதையும் சொல்லாத சொல்.
5. இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது. முடிவுக்கோட்டை அவர்தான் முதலில் கடக்கவேண்டும்.
6. வேகத்தைக் கூட்டுவது இரண்டாவது மாதத்தில்தான், அதுவும் நேர்ப் பகுதியில் மட்டும். வளைவு கடைசியில்.
7. நாடாவை விடவே கூடாது. பாரீஸ் மாரத்தானில் ஸ்பெயினின் எலெனா கொங்கோஸ்த், கோட்டுக்குச் சற்று முன்னால் தசைப்பிடிப்பில் தடுமாறிய தன் வழிகாட்டியைத் தாங்கப்போய் நாடாவை விட்டதால் அன்று வெண்கலத்தை இழந்தார். வழிகாட்டியின் உடல் தகுதியும் போட்டியாளரின் பதக்கத்தோடு கட்டப்பட்டதுதான். இரண்டு பேருமே பயிற்சி நோட்டு எழுதவேண்டும்.

தேர்வுக் காலத்தில் வழிகாட்டி விடுப்பு எடுத்தால் ஓடுபவரின் பயிற்சியும் நின்றுபோகும். அதனால் ஒருவருக்கு இரண்டு வழிகாட்டிகளைப் பழக்குங்கள். இரண்டாமவர் வாரத்தில் ஒரு நாளாவது அவரோடு ஓடவேண்டும். சொற்கள் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.